பிறந்த வீட்டுக் கோடி

'எஸ்டேட் மைக்' என்ற முகநூல் பக்கத்தை நடத்துவது யார் என்று கோலாலம்பூருக்கு வெளியே ஈஜோக் தோட்ட வட்டாரத்தில் ஒருவருக்கும் தெரியாது. எவனோ வேலைவெட்டி இல்லாத பையன் என்று பாதிப் பேர் சொன்னார்கள். கட்சிக்காரன் எவனோ சம்பளம் கொடுத்து ஆள் வைத்திருக்கிறான் என்று மீதிப் பேர் சொன்னார்கள். பொம்பளையாக இருக்கும் என்று யாருக்கும் தோன்றவில்லை. ரவாங்கில் ஒரு பேக்டரி ஆபீசில் கிளார்க்காக இருக்கும் ஷர்மினி, பேக்டரி பஸ்ஸில் டிரைவருக்குப் பின்சீட்டில் உட்கார்ந்து இந்தப் பேச்சையெல்லாம் காதில் வாங்கிக்கொண்டே, மடியில் வைத்த கைப்பேசியில் அந்தப் பக்கத்தைத்தான் நடத்திக்கொண்டு போவாள். அதில் அவளுக்குக் கொஞ்சம் பெருமைகூட இருந்தது.

நல்ல எண்ணத்தில் ஆரம்பித்ததுதான். எந்த லயத்து வீடுகளில் தண்ணீர் வராது, கிளினிக் வண்டி என்றைக்கு வரும், யார் வீட்டில் சாவு, எந்தக் கோயிலில் அன்னதானம் என்றுதான் முதலில் போட்டுக்கொண்டிருந்தாள். அவள் அம்மா வள்ளியம்மாவும், அம்மாவுக்குத் தெரிந்த சிலரும் பார்த்தார்கள். தண்ணீர் வராது என்று சொன்னால் எவனும் நின்று படிக்க மாட்டான். ஏன் வரவில்லை என்று கேட்டால் நாலு பேர் எட்டிப் பார்ப்பார்கள். இன்னாரால்தான் வரவில்லை என்று ஒரு மூஞ்சியைக் காட்டிவிட்டாலோ ஊரே கூடிவிடும். இதை யாரும் அவளுக்கு உட்கார வைத்துச் சொல்லிக் கொடுக்கவில்லை. திரையில் ஏறி இறங்குகிற எண்களே கற்றுக் கொடுத்துவிட்டன.

அல்கோரிதம் என்று படித்தவர்கள் சொல்வதை ஷர்மினி மனத்துக்குள் 'அது' என்றுதான் சொல்லிக்கொள்வாள். அதற்கு நீளம் பிடிக்காது, விளக்கம் அறவே ஆகாது. எடுத்த எடுப்பில் யாராவது யார்மீதாவது கையை ஓங்க வேண்டும். அப்படி ஒன்று கிடைத்தால் இடுப்பில் தூக்கி வைத்துக்கொண்டு ஊர் ஊராகக் காட்டும். கிடைக்காவிட்டால், பேசினாயா, நீயே கேட்டுக்கொள் என்று போய்விடும்.

இந்த வருஷத் திருவிழாவில் அதற்குப் பிடித்தது ஒன்று ஷர்மினியின் கையில் சிக்கியது.

எஸ்டேட் மாரியம்மன் கோயிலில் கரகம் எடுப்பவர் புவனேசன். அவள் தினமும் போகிற பேக்டரி பஸ்ஸின் டிரைவரும் அவரே. ஷர்மினிக்கு அவர் மாமா. ரத்த சொந்தம் இல்லை. ஒரே லயத்தில் பிறந்து வளர்ந்த குடும்பங்கள், அவ்வளவுதான். அவருடைய அக்கா தங்கமணியை அவள் சின்னம்மா என்று கூப்பிடுவாள். புவனேசனுக்குக் காப்புக் கட்டிய மறுநாள், தங்கமணியின் கணவர் இராமையா, செம்பனைக் குலை ஏற்றிய லோரியில் ஏறப் போன இடத்தில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு விழுந்து இறந்துபோனார்.

காப்புக் கட்டியவர் சாவு வீட்டு வாசலை மிதிக்கக் கூடாது. அந்த வீட்டு மனிதர்களைத் தொடவும் கூடாது. மீறினால் திருவிழா அத்தோடு நின்றுபோகும். அக்கா புருஷனைத் தூக்கிக்கொண்டு போனபோது, புவனேசன் கோயில் மண்டபத்தில் துண்டால் வாயைப் பொத்திக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

கரகம் லயங்களைச் சுற்றி வந்த அன்று தங்கமணி வீட்டுக் கதவு வழக்கப்படி சாத்தியிருந்தது. அவளுக்குத்தான் உள்ளே இருப்புக் கொள்ளவில்லை. பின்பக்கமாக வந்து தெருமுனையில் மின்கம்பத்தை ஒட்டி நின்றாள். தம்பியைக் கண்டதும் கால் தானாக முன்னால் போயிற்று. தலையில் கரகத்தோடு புவனேசன் கையை நீட்டி, மேளச் சத்தத்துக்கும் மேலே, "வராத, அங்கயே நில்லு" என்று கத்தினார். அவள் திடுக்கிட்டுப் பின்வாங்கினாள். மேளம் நின்றது. அவர் கரகம் சரியாமல் அப்படியே முழங்காலை மடக்கித் தரையில் உட்கார்ந்தார். முகமெல்லாம் கண்ணீர்.

"அக்கா, நான் வந்துருவேன்க்கா. காப்ப அவுத்துட்டு பதினாறுக்கு வந்து நம்ம வூட்டுக் கோடிய நான்தான் போடுவேன். நீ அழுவாத" என்றார்.

கணவன் இறந்த பதினாறாம் நாள், பிறந்த வீட்டார் புதுச்சேலை கொண்டுவந்து அவள் தோளில் போர்த்துவதைத்தான் கோடி என்பார்கள். உனக்கு நாங்கள் இருக்கிறோம் என்று ஊரறியச் சொல்கிற சேலை அது. தங்கமணிக்குப் பிறந்த வீடு என்று மிச்சமிருந்தவர் புவனேசன் ஒருவர்தான்.

ஷர்மினி கொஞ்சம் தள்ளி அம்மாவோடு நின்று அத்தனையையும் பதிவு செய்தாள். பக்கத்தில் வள்ளியம்மா விம்மிக்கொண்டே, "பாவம்டி ஷர்மி, ரெண்டு பேரும்" என்றது அந்தப் பதிவில் கேட்கும். எடுக்கும்போது ஷர்மினிக்கும் கண் கலங்கத்தான் செய்தது.

வீட்டுக்கு வந்து திரும்பப் போட்டுப் பார்த்தபோது கலக்கம் போய்க் கணக்கு வந்துவிட்டது. கையை நீட்டுகிற இடத்திலிருந்து அவள் பின்வாங்குகிற இடம் வரை வைத்துக்கொண்டாள். மற்றதை வெட்டினாள். சத்தத்தை எடுத்துவிட்டு ஒரு சோக வயலினைப் போட்டாள். 'புருஷன் செத்தால் பொம்பளை கோயிலுக்கு ஆகாதவளா? நம் சமுதாயம் எப்போது திருந்தும்?' என்று எழுதினாள்.

அவளிடம் ஒரு நியாயமும் தயாராக இருந்தது. அப்பா இறந்த வருஷம், சொந்தக்காரர் வீட்டுக் கல்யாணத்தில் தாலித் தட்டு சுற்றி வந்தபோது அம்மாவை மட்டும் தாண்டிக்கொண்டு போனார்கள். அம்மா கையைத் தூக்கிவிட்டு, தலைமுடியைச் சரிசெய்வதுபோல் இறக்கிக்கொண்டாள். அந்தக் கைக்காகத்தான் இதைச் செய்கிறேன் என்று ஷர்மினி தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். காப்பு என்றால் என்னவென்று தெரியாத ஒருவர் இப்படிப் போட்டிருந்தால் அறியாமை என்று விட்டுவிடலாம். இவளுக்கு எல்லாம் தெரியும். அவர் கையில் மஞ்சள் காப்புக் கயிறு தெரிகிற இடத்தில் எழுத்தை வைத்து மறைத்ததே இவள்தான்.

அது அந்தக் காணொளித் துண்டை வாரி எடுத்துக்கொண்டது. மறுநாள் மதியச் சாப்பாட்டுக்குள் பத்தாங் காலியில் பார்த்தார்கள், பினாங்கில் பார்த்தார்கள், தமிழ்நாட்டிலிருந்து எழுதினார்கள். வேறு பக்கங்கள் தங்கள் முத்திரையைக் குத்தி எடுத்துப் போட்டன. பெண்ணுரிமைக்காரர்கள் ஒரு பக்கம், ஆகமம் பேசுகிறவர்கள் இன்னொரு பக்கம், இரண்டும் இல்லாமல் சும்மா கெட்ட வார்த்தை பேச வந்தவர்கள் நடுவில். இத்தனை பேரில், அந்தப் பெண் யார், அந்த ஆள் அவளுக்கு என்ன வேண்டும் என்று கேட்டவர் ஒருவர் இல்லை. கேட்டிருந்தால் சண்டை அங்கேயே முடிந்திருக்கும். முடிந்துபோகிற சண்டையை அது யாருக்குத்தான் காட்டும்?

வெட்கத்தைவிட்டுச் சொன்னால், ஷர்மினிக்கு அந்த நாட்கள் இனித்தன. மாதக்கணக்கில் எழுதிப் பதில் வராத சாக்கடை விஷயத்துக்குச் சட்டமன்ற உறுப்பினரின் ஆபீசிலிருந்து ஆள் தொடர்புகொண்டார். கோலாலம்பூரில் இணைய விவாதம் நடத்தும் முகுந்தன் என்பவர், 'அட்மின் ப்ரோ, சண்டே உங்க வீடியோ வெச்சிதான் டிபேட்' என்று எழுதினார். ஆபீசில் பில்லை அடுக்கிக்கொண்டிருக்கிற தன்னிடம் இவ்வளவு பெரிய மனிதர்கள் வருகிறார்கள் என்று அவள் தனியாகச் சிரித்துக்கொண்டாள்.

வீட்டில் வள்ளியம்மா மட்டும் அந்தத் துண்டை யாரோ காட்ட, கைப்பேசியைக் கண்ணருகே பிடித்து நெடுநேரம் பார்த்தாள். "நம்ம நின்ன எடத்துல நின்னுதான் எவனோ எடுத்திருக்கான்" என்றாள். பிறகு மகளைப் பார்த்தாள். ஷர்மினி தண்ணீர் குடிக்கப் போவதுபோல் எழுந்து உள்ளே போய்விட்டாள். அன்றிலிருந்து அம்மா, இன்றைக்கு என்ன போட்டிருக்கிறார்கள் என்று அவளிடம் கேட்பதை நிறுத்திக்கொண்டாள்.

காப்பு அவிழ்த்த அன்றே புவனேசனைப் பஸ்ஸிலிருந்து இறக்கிவிட்டார்கள். கொஞ்ச நாள் வீட்டில் இருங்கள், பேக்டரி பேர் கெட்டுப்போகும் என்று பஸ் முதலாளி சொல்லிவிட்டார். பஸ்ஸுக்குப் புதிதாக வந்தவன் யாருக்காகவும் நிற்காமல் போனான். எங்கிருந்தோ பையன்கள் மோட்டார் சைக்கிளில் வந்து புவனேசன் வீட்டு வாசலில் நின்று, கைப்பேசியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, வெளியே வா என்று கத்தினார்கள். பதினாறாம் நாள் காரியத்துக்கு அவன் எப்படி வருகிறான் பார்ப்போம் என்று ஒருவன் எழுத, அதற்குக் கீழே நூற்றுக்கணக்கில் கைதட்டினார்கள். அவர் சுங்கை செம்பிலாங்கில் மீன் பிடிக்கிற கூட்டாளி ஒருவர் வீட்டுக்குப் போய் ஒதுங்கிக்கொண்டார்.

தங்கமணி ஷர்மினியைத் தேடி வந்தாள். துக்கத்தில் இருப்பவள் என்பதால் உள்ளே வராமல் வேலிக்கு வெளியிலேயே நின்றாள்.

"ஷர்மி, உனக்குத்தான் இந்தப் போன் சமாச்சாரமெல்லாம் தெரியும். எவனோ பாவி இப்டிப் பண்ணிட்டான்ம்மா. அவன் யாருன்னு கண்டுபிடிச்சி, அது என் தம்பின்னு சொல்லச் சொல்லேன். கால்ல வேணும்னாலும் விழறேன்."

பாவி பக்கத்திலேயே நிற்கிறாள் என்று சொல்ல ஷர்மினிக்கு வாய் வரவில்லை. "நீங்களே பேசுங்க சின்னம்மா, நான் ரெக்கார்ட் பண்ணி அனுப்பி வைக்கிறேன்" என்றாள். தங்கமணி முந்தானையை இழுத்துச் சொருகிக்கொண்டு, கைப்பேசியைப் பார்த்து, அவன் என் கூடப்பிறந்த தம்பி, காப்புக் கட்டினவன், எனக்காக அவன் அழுதான், அவனை விட்டுவிடுங்கள் என்று நிதானமாகப் பேசினாள். கடைசியில் கையெடுத்துக் கும்பிட்டாள். அந்தக் கும்பிடு நேராகத் தன்மீது விழுந்ததும் ஷர்மினி ஓர் அடி பின்னால் நகர, படமும் ஆடிப்போயிற்று.

அந்தப் பேச்சை எஸ்டேட் மைக்கில் போட்டாள். அது சீண்டிக்கூடப் பார்க்கவில்லை. பார்த்த சிலரோ, மிரட்டிப் பேச வைத்திருக்கிறார்கள் என்று எழுதினார்கள். படம் ஆடுவதைப் பார், எடுப்பவனே கத்தியைக் காட்டி எடுத்திருக்கிறான் என்று ஒருவன் கண்டுபிடித்தான். ஷர்மினி முதலில் போட்ட துண்டை அழித்தாள். கோயில்காரர்கள் எஸ்டேட் மைக்கை விலைக்கு வாங்கிவிட்டார்கள் என்றார்கள். மற்றப் பக்கங்களில் அந்தத் துண்டு அது பாட்டுக்கு ஓடிக்கொண்டுதான் இருந்தது. அவர்கள் அக்கா தம்பி என்ற உண்மையை முகுந்தனுக்கு எழுதினாள். 'ப்ரோ, அதெல்லாம் பேமிலி சென்டிமென்ட். நம்ம டாபிக் அது இல்லலா' என்று பதில் வந்தது.

ஒரே ஒரு வழி பாக்கி இருந்தது. முழுப் பதிவையும் போடுவது. அவர் மண்டியிட்டதும், அக்கா என்றதும், கோடி போட வருகிறேன் என்றதும் அதில் இருந்தன. அம்மாவின் குரலும், அதில் அவள் பெயரும் இருந்தன. 'பாவம்டி ஷர்மி' என்ற குரலை அழித்தால் அவர் பேச்சும் சேர்ந்து அழியும். ஷர்மினி அதைப் பலமுறை திறந்தாள், பலமுறை மூடினாள்.

காரியத்துக்கு முந்தின நாள் மாலை புவனேசன் அவளைக் கூப்பிட்டார். காரை எடுத்துக்கொண்டு சுங்கை செம்பிலாங் போனாள். படகுத்துறைக்குப் பக்கத்து வீட்டில், காய வைத்த வலைகளுக்கு நடுவே நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். ஷேவ் பண்ணாத முகம். அவள் வந்ததும் எழுந்து, அவர் உட்கார்ந்திருந்த நாற்காலியையே துடைத்து அவளுக்குப் போட்டார்.

"சாப்ட்டியாம்மா?"

"ஆச்சி மாமா."

"உன்கிட்ட ஒண்ணு கேக்கணும். அன்னிக்கு நீயும் போனத் தூக்கிப் புடிச்சிக்கிட்டு நின்ன, நான் பாத்தேன். உன்கிட்ட முழுசா இருக்குமே? நான் அக்காகிட்டப் பேசுனதெல்லாம்? அது மட்டும் இருந்தா நான் நாளைக்கு வந்துருவேன். எவன் வந்து நின்னாலும், இந்தா பாருடான்னு மூஞ்சிக்கு நேரா காட்டிருவேன்."

இருக்கிறது என்ற சொல் ஷர்மினியின் நாக்கு நுனி வரை வந்தது. அந்த ஒரு சொல் போதும், அவர் நாளைக்கு வந்துவிடுவார். அப்படியானால் வெட்டிப் போட்டது யார் என்று, அவர் கேட்காத கேள்வியை ஊர் கேட்கும். பஸ்ஸில் கேட்பார்கள், ஆபீசில் கேட்பார்கள்.

"போன் புல் ஆயிடுச்சின்னு அழிச்சிட்டேன் மாமா."

அவர் ஒரு நொடிகூடச் சந்தேகப்படவில்லை. "அட, நீ என்ன பண்ணுவ, உனக்கு எப்டித் தெரியும்" என்று அவளுக்குச் சமாதானம் சொன்னார். பிறகு உள்ளே போய் ஒரு பிளாஸ்டிக் பையையும் ஒரு தட்டையும் எடுத்து வந்தார். வெளிர்நீலத்தில் ஒரு புதுச்சேலை. அதைத் தட்டில் வைத்து, கண்ணை மூடி, ஒருமுறை தடவிக் கொடுத்தார்.

"நான் வந்தா அவனுங்க கூட்டமா வருவானுங்க. மச்சான் காரியத்துல அக்காவுக்கு அசிங்கம் வேணாம். நீயும் எங்க வூட்டுப் புள்ளதான். நான் தொட்டுக் குடுத்துட்டேன், நீ போத்தி வுட்டுரு. தம்பி குடுத்தனுப்பிச்சான்னு சொல்லு."

அவள் இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டாள். கார் ஜெராம் தாண்டும் வரை, பின்சீட்டில் வைத்த அந்தச் சேலை தன்னைப் பார்த்துக்கொண்டிருக்கிற மாதிரி அவளுக்குக் கழுத்து கூசியது.

பதினாறாம் நாள் தங்கமணி வீட்டுக்கு எதிரே, உறவும் இல்லாத ஊரும் இல்லாத பையன்கள் கைப்பேசியோடு நின்றார்கள். காரியம் செய்விப்பவர் தண்ணீர் தெளித்துவிட்டு, "பொறந்த வூட்டுக் கோடி யாரு? வாங்க" என்று கூப்பிட்டார். பெண்கள் வாசலைப் பார்த்தார்கள். தங்கமணி குனிந்த தலையை நிமிர்த்தி, அவளும் பார்த்தாள். யாரும் வரவில்லை. அவர் இரண்டாம் முறை கூப்பிட்டார்.

ஷர்மினி எழுந்து தட்டோடு போனாள். "மாமா குடுத்தனுப்புனாங்க சின்னம்மா" என்றாள். அவளுக்கே கேட்காத குரல். சேலையைப் பிரித்துத் தங்கமணியின் தோளில் போர்த்தினாள். தங்கமணி அவள் கையைப் பிடித்துக் கன்னத்தில் வைத்துக்கொண்டு, அதுவரை அழாத அழுகையெல்லாம் அழுதாள். "பெத்த மக கணக்கா வந்து நின்னியேம்மா" என்றாள். கையை உருவிக்கொண்டு ஓடிவிட வேண்டும் என்று ஷர்மினிக்கு இருந்தது. ஓட முடியாது. வேலிக்கு வெளியே அத்தனை கைப்பேசிகளும் அவளைத்தான் பார்த்துக்கொண்டிருந்தன. கூட்டத்தில் வள்ளியம்மா மட்டும் முகத்தைத் திருப்பிக்கொண்டிருந்தாள்.

மாலைக்குள் அது ஷர்மினியைத் தூக்கிக்கொண்டு ஊர் ஊராகப் போய்விட்டது. 'உடன்பிறந்தவன் கைவிட்டான், ஊர்ப்பெண் கோடி போட்டாள்' என்று தலைப்பு. தங்கச்சி, சிங்கப்பெண், இவளைப்போல் நாலு பேர் இருந்தால் போதும் என்று கீழே எழுதிக் குவித்தார்கள். அடியில், அந்தத் தம்பிக்கு இன்னொரு சுற்றுத் திட்டு. முகுந்தன் எஸ்டேட் மைக்குக்கு எழுதியிருந்தார்: 'ப்ரோ, அந்தப் பொண்ணு காண்டாக்ட் கிடைக்குமா?'

ஷர்மினி அந்தச் செய்தியை மூடினாள். கட்டிலில் உட்கார்ந்து, முழுப் பதிவையும் அம்மாவின் குரலோடு, ஒரு நொடிகூட வெட்டாமல் எஸ்டேட் மைக்கில் போட்டாள். வெட்டியது நான், என் பெயர் ஷர்மினி என்று மேலே எழுதினாள். இனி வருவது வரட்டும் என்று காத்திருந்தாள்.

ஒன்றும் வரவில்லை. அது நீளம். அதில் சண்டை இல்லை. ஒரு மனிதன் மண்டியிட்டு அழுகிறான், அவ்வளவுதான். கொஞ்ச நேரம் கழித்துப் பார்த்தபோதும் பார்த்தவர்கள் கைவிரலுக்குள் அடங்கினார்கள். ஒருநாளும் இல்லாத தைரியத்தைக் கூட்டிச் சொன்ன உண்மையைக் கேட்க நாதியில்லை. அப்போதுதான் புவனேசனிடமிருந்து ஒரு குரல்செய்தி வந்தது.

"ஷர்மி, பாத்தேன்மா." பின்னால் படகு மோட்டார் சத்தம் கேட்டது. "அழிச்சிட்டேன்னு சொன்னியே. சரி, வுடு. அத எடுத்துடும்மா. அக்காவுக்கு யாராச்சும் காட்டிருவாங்க. அந்தச் சேலையத்தான் உடுத்திக்கிட்டு, தம்பி வராட்டியும் கோடி வந்துருச்சின்னு எனக்குப் போன் பண்ணா. அவ்ளோ சந்தோசம் அவளுக்கு. யாரு கைன்னு தெரிஞ்சா இப்பவே அவுத்துப் போட்டுருவா. அவளுக்கு இன்னொரு கோடி கெடையாதும்மா. எடுத்துடு."

ஷர்மினி அதைத் திரும்பவும் கேட்டாள். குரலில் கோபம் இருக்கிறதா என்று தேடினாள். இல்லை. இருந்திருந்தால் அழுதிருக்கலாம், மன்னிப்புக் கேட்டிருக்கலாம், காலில் விழுந்திருக்கலாம். அவர் அவளிடம் கேட்டது ஒன்றே ஒன்றுதான். அதை மறுக்க அவளுக்கு என்ன யோக்கியதை இருந்தது?

அழித்துவிடவா என்று திரை கேட்டது. ஆமாம் என்பதை அழுத்தினாள். அடுத்த அறையில் அம்மா விளக்கைப் போட்டாள். ஷர்மினி அங்கே போகவில்லை.